இரண்டு முறை இறங்கியவள்

அத்தியாயம் 6

“ஒரு பொம்பளை ஒரே மத்தியானத்துல ரெண்டு தடவை மாடியில இருந்து இறங்கினாங்கன்னா, நடுவுல ஒரு தடவை ஏறியிருக்கணுமா இல்லையா? நீங்களே சொல்லுங்க மேடம்!”

மேனேஜர் மேஜையைத் தட்டியதில் டம்ளர் தண்ணீர் குலுங்கியது. அண்ணி பதில் பேசவில்லை. அது அவர் பழக்கம். எதிராளி பேசி முடித்த பிறகும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மௌனம் தாங்காமல் பாதிப் பேர் உண்மையைக் கொட்டிவிடுவார்கள், மீதிப் பேர் பொய்யைக் கொட்டுவார்கள். அண்ணிக்கு ரெண்டும் சரக்குதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பட்டாசுக்குத்தான் வாய் நமநமத்தது.

“ஏறியிருக்கணும் சார். ஏறாம இறங்கிக்கிட்டே இருந்தது என் பரீட்சை மார்க்கு மட்டும்தான்.”

அண்ணி ஒரு பார்வை பார்த்தார். பட்டாசு வாயைப் பொத்திக்கொண்டான். அவன் அண்ணியின் கொழுந்தன். அண்ணி இன்சூரன்ஸ் வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்த அன்றைக்கு, “இவனையும் கூட்டிட்டுப் போ, வீடாவது நிம்மதியா இருக்கும்” என்று அண்ணன் தள்ளிவிட்ட சீர்வரிசை.

விஷயம் இதுதான். அந்தக் கட்டடத்தின் பதினான்காவது மாடி முழுக்க ஒரு கார்ட்டூன் படக் கம்பெனி. ரெண்டு வருஷமாக எடுத்த படம், இன்னும் ஒருத்தர் கண்ணிலும் படாத படம், மெஷின் ரூமில் ஒரு கம்ப்யூட்டர் சர்வர் பெட்டிக்குள் இருந்தது. போன வாரம் ஒரு மத்தியானம் தீ அலாரம் அடித்தது. கட்டடமே படிக்கட்டு வழியாகக் கீழே ஓடியது. பன்னிரண்டாவது மாடியில் டீ போடும் அறைக் குப்பைத்தொட்டியில் கிளம்பிய புகையைத் தீயணைப்புக்காரர்கள் வந்து அடக்கினார்கள். எல்லாரும் மேலே திரும்பி வந்தபோது பெட்டியைக் காணோம்.

“காப்பி எடுத்து வெச்சிருப்பீங்களே?” என்றார் அண்ணி.

“எடுத்தோம். அதுவும் அதே பெட்டிக்குள்ளதான் இருந்துச்சு.”

“பூட்டையும் சாவியையும் ஒரே பையில போட்ட கதை” என்று பட்டாசு முணுமுணுத்தான். “பெட்டி எவ்வளவு பெருசு சார்?”

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தன் தலை உயரத்தைக் கையால் காட்டினார். “அடியில சக்கரம் உண்டு. ஆனா ஒரு ஆள் கனம்.”

பழி விழுந்திருந்தது சவுண்டு அக்காமேல். படத்துக்கு ஒலி சேர்க்கிறவர். பள்ளிக்கூட வயதில் நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, சக்கர நாற்காலிதான் கால். அலாரம் அடித்தால் லிஃப்டெல்லாம் தரைத்தளத்துக்குப் போய் நின்றுவிடும். அதனால் அவரை இறக்குவதற்கென்றே அந்த மாடிப் படிக்கட்டு முகப்பில், சுவரில் ஒரு மடக்கு நாற்காலி இருந்தது. பின்பக்கம் ரப்பர் பட்டை. ஆளை உட்கார வைத்துப் பெல்ட் போட்டு, ஒருத்தர் பின்னால் நின்று பிடித்தால் போதும், படிப்படியாக வழுக்கிக்கொண்டு இறங்கும். சறுக்கு சேர் என்பார்கள். மொத்தக் கட்டடத்துக்கும் அது ஒன்றுதான்.

“எங்களோட இறங்கின ஜனம் பூரா பார்த்திருக்கு. போர்வை போர்த்தி அந்தச் சேர்ல அவங்களை இறக்கினாங்க. மஞ்சக் கோட்டு போட்ட ஒருத்தன் இறக்கினான். அப்புறம் பார்த்தா, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் மேல இருந்து இறங்கி வர்றாங்க! கேட்டா, ‘நான் ஒரே தடவைதான் இறங்கினேன்’னு சாதிக்கிறாங்க. நடுவுல என்ன நடந்துச்சு? தீயணைப்பு லிஃப்ட் ஒண்ணு இருக்கு, சாவி செக்யூரிட்டி சூப்பர்வைசர் கழுத்துல தொங்குது. ரெண்டு பேரும் கூட்டு. ஆளில்லாத மாடிக்கு ஏறி, பெட்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. சாயங்காலம் போலீஸ் வருது. அதுக்குள்ள அந்தம்மா கேட்டுக்கிட்டதால உங்களை உள்ள விட்டேன். அவ்வளவுதான்.”

“ரொம்ப நன்றி. படிக்கட்டைப் பார்க்கலாமா?” என்று அண்ணி எழுந்தார்.

படிக்கட்டு முகப்பில் சவுண்டு அக்கா காத்திருந்தார். கண் வீங்கியிருந்தது, ஆனால் குரல் கம்பீரமாக இருந்தது. அவருக்குப் பின்னால், சக்கர நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி ஓர் இளைஞன். விரல் நுனியெல்லாம் மை. படத்துக்கு வரைகிறவன், பக்கத்து சீட்டுக்காரன்.

“இவன் இல்லேன்னா நான் இன்னைக்கு உங்க முன்னாடி இல்லை” என்றார் சவுண்டு அக்கா. “சவுண்டு ரூம்ல ஹெட்போன் மாட்டியிருந்தேன். வெளிச் சத்தம் ஒரு பொட்டு உள்ள வராது. கழட்டினப்பதான் அலாரம் கேட்டுச்சு. வெளிய வந்தா ஒரு ஈ காக்கா இல்லை. இங்க உருட்டிக்கிட்டு வந்து பார்க்கிறேன், சேர் மாட்டுற பெட்டி காலி! கூப்பிடறேன், யாரும் வரலை. போனை டேபிள்லயே விட்டுட்டு வந்துட்டேன். கீழ இருந்து புகை ஏறிக்கிட்டு வருது. இந்தக் கதவை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். என்னை எல்லாரும் மறந்துட்டாங்கன்னு நினைச்சப்ப வந்த அழுகை இருக்கே, புகையில வந்ததைவிட அதிகம்.”

“அப்புறம்?”

“அப்புறம் தம்பி வந்தான். மூச்சு வாங்க, தோள்ல சேரோட.”

இளைஞன் தலையைக் குனிந்துகொண்டான். “படிக்கட்டு அடியில சேர் கிடந்துச்சு மேடம். எடுத்துக்கிட்டு ஓடி வந்தேன். முதுகு இன்னும் வலிக்குது. பெரிய விஷயம் இல்லை, அக்காவுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?”

பட்டாசுக்கு அவனைப் பார்த்ததும் நெஞ்சு இளகிவிட்டது. பதினான்கு மாடி! தான் லிஃப்டில் ஏறுவதற்கே மூச்சு வாங்குகிற ஆள். ஓவியனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். அண்ணி குலுக்கவில்லை. சுவர்ப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மடித்த சேர், ஒரு போர்வை, மஞ்சக் கோட்டு, புகை முகமூடி. எல்லாம் திரும்ப வந்து ஒழுங்காக மாட்டியிருந்தன.

“அப்ப மஞ்சக் கோட்டு யார் வேணும்னாலும் போட்டிருக்கலாம்” என்று பட்டாசிடம் திரும்பினார் அண்ணி. “வா தம்பி, கண்ணால பார்த்தவங்களைப் பார்ப்போம்.”

இறங்கும்போது பட்டாசு குசுகுசுத்தான். “அண்ணி, எனக்கு மேனேஜர்மேலயே சந்தேகம். இவ்வளவு சத்தம் போடறவன் யோக்கியனா இருக்க மாட்டான்.”

“அப்படிப் பார்த்தா நம்ம குடும்பத்துல முதல் குற்றவாளி நீதான்.”

ஒன்பதாவது மாடியில் ஒரு பயண ஏற்பாட்டு ஆபீஸ். வரவேற்பு மேஜை அக்கா எல்லாவற்றையும் பார்த்திருந்தார், பார்த்ததற்கு மேலும் கொஞ்சம் சொல்லத் தயாராக இருந்தார்.

“பார்த்தேன் மேடம், இந்தக் கண்ணாலதான். படிக்கட்டுல நெரிசல். மேல இருந்து ‘வழி விடுங்க, வழி விடுங்க’ன்னு ஒரு சத்தம், முகமூடிக்குள்ள இருந்து. எல்லாரும் சுவரோட ஒட்டிக்கிட்டோம். தலையோட போர்வை போர்த்தி, பெல்ட் போட்டு, அந்தம்மாவை இறக்கிக்கிட்டுப் போனாங்க. என்னைத் தாண்டும்போது, ‘பயப்படாதீங்கம்மா’ன்னு சொன்னேன். ஒரு தலையாட்டல்? ஒரு முனகல்? ஊஹூம். பிடிச்சு வெச்ச பிள்ளையார் மாதிரி அசையாம போனாங்க. என்ன தைரியம்னு அன்னைக்கே எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன்.”

“முகம் பார்த்தீங்களா?”

“போர்வை போட்டிருந்துச்சே.”

“கை? கால்?”

அந்த அக்கா யோசித்தார். “அதுவும் போர்வைக்குள்ள… ஆனா அந்தச் சேர்ல வேற யாரு உட்காருவா மேடம்? அவங்களுக்குன்னே இருக்கிற சேர் ஆச்சே!”

அண்ணி புன்னகைத்தார். காய்கறிக் கடையில் கறிவேப்பிலைக்குக் கொசுறாகக் கொத்தமல்லியும் கிடைத்தால் வருகிற சிரிப்பு அது. பட்டாசு ஓரடி பின்வாங்கினான். அண்ணி அப்படிச் சிரித்தால் அடுத்து அவன் தலையில்தான் ஏதாவது விடியும்.

விடிந்தது. கால்மணி நேரத்தில், மறுபடியும் பதினான்காவது மாடியில், அவன் சறுக்கு சேரில் பெல்ட் போட்டுக் கட்டப்பட்டிருந்தான்.

“எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது அண்ணி, எலிப்புழுக்கை நான் ஏன் காயணும்?”

“சும்மா உட்காரு. பேசாம அசையாம கீழ வரைக்கும் வந்தா, ராத்திரி உனக்குப் பிடிச்ச சமையல்.”

பின்னால் பிடித்தவர் செக்யூரிட்டி சூப்பர்வைசர். கடுகடுவென்ற முகம். கழுத்தில் சாவி. யாரைப் பார்த்தாலும் இவன் எதைத் திருட வந்திருக்கிறான் என்று பார்க்கிற கண். திருட்டுப் பட்டம் தன்மேலேயே விழுந்ததில் இன்னும் இறுகிப் போயிருந்தார். இந்த ஆளிடம் உயிரை ஒப்படைக்கிறோமே என்று பட்டாசு நினைத்து முடிக்கும் முன் சேர் முதல் படியில் சாய்ந்தது.

“ஐயோ! அம்மா! அண்ணா! மெதுவா சார், மெதுவாய்யா! எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை!”

மூன்றாவது படியில் சுவரைப் பிடிக்கக் கை தானாகப் பாய்ந்தது. ஐந்தாவது படியில் கைப்பிடிக் கம்பியை இறுக்கிக்கொண்டான். முன்னால் பாதாளம் மாதிரி படிகள், பிடிக்க ஒன்றுமில்லை, பின்னால் இருப்பவன் விட்டால் போச்சு! அதுவரை வேண்டாத தெய்வங்களையெல்லாம் வரிசையாக அழைத்தான். அடுத்த மாடித் திருப்பத்தில் சேர் நின்றபோது அவன் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மேலே சவுண்டு அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இப்படித்தான் நானும் கத்துவேன்” என்றார். “மாசா மாசம் பயிற்சி நடக்கும். நான் போடற கூச்சல்ல ஒன்பதாவது மாடியில போன் பேச முடியாதுன்னு புகார்கூட வந்திருக்கு. எத்தனை தடவை இறங்கினாலும் அந்த முதல் படி இருக்கே, அடிவயிறு வாய்க்கு வந்துடும்.”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. கூட இருந்த மேனேஜரின் வாயும் திறந்தபடி நின்றது.

“புரியுதா சார்?” என்றார் அண்ணி. “கேழ்வரகுல நெய் வடியுதுன்னு சொன்னா, கேக்கிறவங்களுக்குக் கொஞ்சம் மதி வேணும். ஒன்பதாவது மாடி தாண்டிப் போன ஆள் கத்தலை, அசையலை, கையை வெளிய நீட்டலை. அது தைரியசாலி இல்லை. அதுக்கு உயிரே இல்லை.”

“பெட்டி!” என்று பட்டாசு பெல்ட்டுக்குள்ளிருந்தே துள்ளினான். “உட்கார்ந்த ஆள் உயரம், ஒரு ஆள் கனம்! போர்வை போர்த்தி, அத்தனை பேர் கண் முன்னாலயும் வழி விடச் சொல்லி இறக்கியிருக்கான்! எல்லாரும் ஒதுங்கி நின்னு மரியாதை வேற பண்ணியிருக்காங்க!”

மேனேஜர் திரும்பி சூப்பர்வைசரை முறைத்தார். “அப்ப மஞ்சக் கோட்டு இவர்தான். சேரைப் பிடிக்கத் தெரிஞ்சவரும் இவர்தானே?”

“பயிற்சிக்கு வந்த எல்லாருக்கும் தெரியும் சார்” என்றார் சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டு. “நான் கேட்டை விட்டு அசையலை. தலை எண்ணிக்கிட்டு நின்னேன். இவங்களைக் காணோமேன்னு கேட்டேன். ‘இறங்கியாச்சு, சேர்ல கொண்டுவந்தாங்க, நாங்க பார்த்தோம்’னு நூறு பேர் சொன்னாங்க. அதை நம்பி மேல ஆள் அனுப்பாம விட்டேன் பாருங்க, அந்தப் பாவம் என்னை விடாது. அதுக்கு என்ன வேணும்னாலும் சொல்லுங்க. திருடன்னு மட்டும் சொல்லாதீங்க.”

கடுகடு முகத்தில் கண் மட்டும் கலங்கியிருந்தது. பட்டாசுக்குச் சந்தேகம் யார்மேல் வைப்பதென்று தெரியாமல் போயிற்று. மேனேஜர்மேல் வைத்தால் ஒட்டவில்லை, இவர்மேல் வைத்தால் வழுக்குகிறது.

“எல்லாரும் சவுண்டு ரூமுக்கு வாங்க. வெளிச் சத்தம் கேக்காத இடம், பேச வசதி” என்றார் அண்ணி.

ஓவியன் எல்லாருக்கும் நாற்காலி இழுத்துப் போட்டான். தண்ணீர் கொண்டு வந்து வைத்தான். அண்ணி தண்ணீரைத் தொடவில்லை.

“தம்பி, நீ சொல்லு” என்று பட்டாசைப் பார்த்தார். “படிக்கட்டு அடியில ஒரு காலி சேர் கிடக்குது. அக்காவை இறக்குற சேர். அதைப் பார்த்தா உனக்கு என்ன தோணும்?”

“ஆளை இறக்கிட்டு சேரை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு தோணும்.”

“வெளிய நூறு பேரும் ‘இறங்கியாச்சு’ன்னு சொல்றாங்க. நீ என்ன பண்ணுவே?”

“அப்பாடான்னு ஒரு டீ கடையைத் தேடுவேன்.”

“யாருமே தேடாத ஆளைத் தேடி, புகைக்குள்ள பதினாலு மாடி ஏறுவியா?”

“நான் என்ன பைத்தி…” பட்டாசு பாதியில் நிறுத்தினான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் வாய் தானாக மூடிக்கொண்டது.

அண்ணி மெதுவாகத் திரும்பினார். குரலில் கோபமே இல்லை, அதுதான் கொடுமை.

“சேரைப் பார்க்காதவர் ஓடியிருந்தா வெறுங்கையோட ஓடியிருக்கணும், மேல பெட்டியில சேர் இருக்கும்னு நினைச்சு. சேரைப் பார்த்தவருக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை. சேரைப் பார்த்தும், அதைத் தோள்ல போட்டுக்கிட்டு மேல ஓடணும்னா, அதுல அக்கா உட்காரலைங்கிறது தெரிஞ்சிருக்கணும். அது தெரிஞ்ச ஆள் ஊர்ல ஒருத்தர்தான். பெட்டியை உட்கார வெச்சவர்.”

எல்லாரும் ஓவியன் பக்கம் திரும்பினார்கள்.

ஓவியன் மறுக்கவில்லை. மறுக்கப்போகிறவன்போல வாயைத் திறந்தான், சவுண்டு அக்காவின் முகத்தைப் பார்த்தான், மூடிக்கொண்டான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“பெட்டி என் வீட்லதான் இருக்கு” என்றான். “விக்கலை. ஒருத்தன் கேட்டான், இன்னும் கொடுக்கலை. இந்தப் படத்துல வர்ற ஒவ்வொரு முகமும் நான் வரைஞ்சது மேடம். கடைசியில டைட்டில்ல முதலாளியோட மச்சான் பேரைப் போட்டாங்க. என் பேரு எங்கேன்னு கேட்டேன், ‘அடுத்த படத்துல பார்க்கலாம்’னு இவர் சிரிச்சார். வயிறு எரிஞ்சுது.”

மேனேஜர் எங்கேயோ பார்த்தார்.

“குப்பைத்தொட்டியில ஈரத்துணியைச் சுருட்டிப் புகைய வெச்சேன். கொஞ்சம் புகை, ஒரு அலாரம், அவ்வளவுதான் கணக்கு. அக்கா ஹெட்போன்ல இருப்பாங்க, வெளிய வரவே மாட்டாங்கன்னு நினைச்சேன். பெட்டியை பேஸ்மென்ட் வரைக்கும் இறக்கி, அங்க நின்ன என் கார்ல ஏத்திட்டு வெளிய வந்து நிமிர்ந்து பார்த்தா, பன்னிரண்டாவது மாடி ஜன்னல் பூரா கரும்புகை. சூப்பர்வைசர் சார் ‘எல்லாரும் இறங்கியாச்சு’ங்கிறார். மேல அக்கா இருக்காங்கன்னு சொன்னா நான் மாட்டிக்குவேன். சொல்லாம நிக்கவும் முடியலை. காலு தானா ஓடிடுச்சு.”

பட்டாசு அவனையே பார்த்தான். திருடன்தான். கட்டடத்தையே கொளுத்தப் பார்த்த முட்டாள்தான். ஆனால் ஓடினானே! ஓடாமல் நின்றிருந்தால் அண்ணியாலும் இவனைப் பிடித்திருக்க முடியாது. செய்த ஒரே நல்ல காரியத்தில் மாட்டிக்கொண்டவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

“அக்கா” என்றான் ஓவியன். “உங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான் ஓடி வந்தேன். அது மட்டும் சத்தியம். அதையாவது நம்புங்க.”

சவுண்டு அக்கா சக்கரத்தைத் தள்ளி அவன் எதிரில் வந்து நின்றார். அறைவார் என்று பட்டாசு நினைத்தான். அவர் கை மடியிலேயே இருந்தது.

“நம்பறேன்டா தம்பி. புகைக்குள்ள வந்தே. உயிரைப் பணயம் வெச்சுத் தூக்கிட்டு வந்தே. போலீஸ்கிட்டயும் அதை நானே என் வாயால சொல்லுவேன், நீ சொல்ல வேண்டாம்.” குரல் அப்போதுதான் உடைந்தது. “ஆனா மறுநாள்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் இந்த ஆபீஸே என்னைத் திருடின்னு பேசிச்சு. என் முகத்தைப் பார்த்துப் பேச ஆள் இல்லை. வீட்ல அம்மா சோறு தண்ணி இல்லாம கிடக்கறாங்க. நீ என் பக்கத்து சீட்டுலயே உட்கார்ந்திருந்தே. டீ வாங்கிக் கொடுத்தே, கண்ணைத் துடைச்சுக்கச் சொல்லி டிஷ்யூ கொடுத்தே. அப்ப உன் காலு ஏன்டா ஓடலை?”

ஓவியன் முகத்தைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டான். மேனேஜர் மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தார், அவரை யாரும் கவனிக்கவில்லை. சூப்பர்வைசர்தான் முன்னால் வந்து, “கிளம்பலாமா மேடம், லிஃப்ட் வந்திருக்கு” என்று சவுண்டு அக்காவுக்குக் கதவைத் திறந்து பிடித்தார்.